முழங்காலுக்குக் கீழே நிறுவனம் பொறுப்பல்ல

மதிப்புக்குரிய அக்கா அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருப்பீர்கள், தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்ற நம்பிக்கையில் (நம்பிக்கை மட்டுமே, உறுதியாகச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை) எழுதிக்கொள்வது:

1. இக்கடிதத்தை எழுதுபவர் தங்களுடன் பிறந்த ஒரே தம்பி. வயது அறுபத்து மூன்று. ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் சட்டப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் அமர்ந்து, எவையெவை காப்பீட்டில் அடங்கா என்ற பட்டியலை எழுதி ஓய்வு பெற்றவர். சுயநினைவுடனும், யாருடைய வற்புறுத்தலும் இன்றியும் எழுதுகிறார்.

2. இதில் ‘நிறுவனர்’ என்று வருமிடமெல்லாம் தங்கள் மகளும் என் மருமகளுமானவரைக் குறிக்கும். வங்கி வேலையை விட்டுவிட்டு, இளைஞர்களுக்குக் குடை விற்கும் நிறுவனத்தைத் தொடங்கியவர். அன்று முதல் ஒரே வீட்டில் இருந்தும் தாங்கள் அவருடன் பேசுவதில்லை.

3. ‘மீம்’ என்பவர் அந்நிறுவனத்தின் பதிவுகளை எழுதும் இருபத்து மூன்று வயதுப் பெண். அவருடைய இயற்பெயர் ஆவணங்களில் உள்ளது, யாரும் பயன்படுத்துவதில்லை.

4. தொண்ணூறு நாட்களுக்கு முன் தாங்கள் என்னிடம், “நீ போய் உக்காந்து பாரு. உருப்படுமா உருப்படாதான்னு எழுதிக் குடு. உருப்படாதுன்னா அவ கடையை மூடிட்டுப் பழையபடி வேலைக்குப் போகணும்” என்றீர்கள். நிறுவனரும் அதற்கு உடன்பட்டுக் கையெழுத்திட்டார். இன்று தொண்ணூறாவது நாள்.

அலுவலகம் ஒரு பல் மருத்துவமனைக்கு மேலே, இரண்டாம் மாடியில் உள்ளது. கீழே பல்லைத் துளைக்கும் ஓசை எழும்போதெல்லாம் கூட்டத்தில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்தித் தத்தம் கன்னத்தைத் தொட்டுக்கொள்கிறார்கள். நாற்காலிகள் கிடையாது, மணிகள் நிரப்பிய பெரிய பைகள் உண்டு. முதல் நாள் அவற்றில் ஒன்றில் நான் அமர்ந்தேன் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. உள்ளே போனேன் என்பதே சரி. என்னை வெளியே எடுக்க இருவர் தேவைப்பட்டார்கள். மறுநாள் வீட்டிலிருந்து என் மர நாற்காலியைக் கொண்டு சென்றேன். மீம் அதைப் படம் பிடித்து வெளியிட்டார். அந்த வாரம் நிறுவனத்தின் பதிவுகளில் அதிகம் பேர் பார்த்தது அந்த நாற்காலியைத்தான். அதில் நான் அமர்ந்திருந்ததை எவரும் குறிப்பிடவில்லை.

அந்நிறுவனத்தின் பதிவுகளில் பேசுவது நிறுவனம் அன்று; குடை. சும்மா உட்காராமல் பதிவுகளைத் திருத்தித் தரும்படி நிறுவனர் கேட்டதால், முதல் கூட்டத்தில் ஒரு வாசகம் என் முன் வைக்கப்பட்டது: “ஹாய் மச்சி, நான்தான் உன் குடை. உன்னை ஒருநாளும் நனைய விட மாட்டேன்.” இதில் ‘நான்’ என்பவர் யார் என்று கேட்டேன்.

“குடைதான் மாமா” என்றார் மீம்.

“குடை வாக்கு குடுக்க முடியாதும்மா. அது ஒரு பொருள்.”

“மாமா, இந்தக் காலத்துப் பசங்ககிட்ட கம்பெனி மாதிரி பேசினா, விரலால ஒரு தள்ளு தள்ளிட்டுப் போய்ட்டே இருப்பாங்க. ஃப்ரெண்டு மாதிரி பேசணும்.”

“ஃப்ரெண்டு குடை விப்பானா?”

மீம் நிறுவனரின் பக்கம் திரும்பினார். “உங்க மாமா எப்பவுமே இப்படித்தானா?”

“இல்ல, இன்னைக்கு நல்ல மூடுல இருக்காரு” என்றார் தங்கள் மகள்.

இனி நடந்த தவறுக்கு வருகிறேன். நிறுவனத்தில் கணினியில் ஓர் அட்டவணை உண்டு. முதல் கட்டத்தில் மீம் எழுதுவார். அடுத்த கட்டத்தில் நான் திருத்திய வடிவத்தை இட வேண்டும். பிற்பகல் இரண்டு மணிக்கு அந்த இரண்டாம் கட்டத்தில் என்ன இருக்கிறதோ, அதை மென்பொருள் தானே எடுத்து உலகத்துக்கு வெளியிட்டுவிடும். என் பழைய அலுவலகத்திலோ, ஒரு வாசகத்தை ஏற்காவிட்டால் அதற்கு எதிரே காரணத்தை முழுமையாக எழுதுவதே முறை. முப்பத்தொரு ஆண்டுப் பழக்கம், எப்படி விடும்? எழுதினேன். அது வருமாறு: “ஒருநாளும் நனைய விட மாட்டேன் என்ற உறுதியை இந்நிறுவனம் அளிக்க இயலாது. பக்கவாட்டில் வீசும் மழை, வாகனங்கள் வாரி இறைக்கும் நீர், உடன் வருபவர் பக்கம் குடையைச் சாய்த்ததால் நனைந்த தோள், கண்ணீர் ஆகியவை இதில் அடங்கா. முழங்காலுக்குக் கீழே நிறுவனம் பொறுப்பல்ல.” கண்ணீரைச் சேர்த்தது முன்னெச்சரிக்கையாக மட்டுமே. இரண்டு மணிக்கு இது வெளியாயிற்று. அலுவலகம் மூடுவதற்குள் நாற்பதாயிரம் பேர் இதைத் தங்கள் நண்பர்களுக்கு அனுப்பியிருந்தார்கள். மறுவாரம் ஒரு கல்லூரி மாணவர்கள் கடைசி வாக்கியத்தைச் சட்டையில் அச்சிட்டுப் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் அதைத் தம் முழங்காலுக்குக் கீழே பச்சை குத்திப் படம் அனுப்பினார். பச்சை குத்தியதற்கும் நிறுவனம் பொறுப்பல்ல என்று தனியே எழுத வேண்டியதாயிற்று. அதையும் பரப்பினார்கள். உடனடியாக ஒரு விளக்கம் வெளியிட்டேன்: “மேற்படி அறிவிப்பு நகைச்சுவை அன்று. எவரும் சிரிக்க வேண்டாமெனக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.” சிரித்தவர்கள் இரட்டிப்பானார்கள். இனி எல்லாப் பதிவுகளையும் மாமாவே எழுதட்டும் என்று நிறுவனர் முடிவெடுத்தார். நான் அதை மறுத்து எழுத்தில் கொடுத்தேன். அதை எந்தக் கட்டத்தில் எழுதினேன் என்று தாங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்நிலையில்தான் ‘ஓட்டைக் குடை’ என்ற புனைபெயரில் ஒரு வாடிக்கையாளர் வந்தார். முகத்துக்குப் பதிலாக ஒரு சாம்பல் நிறப் பூனையின் படம் வைத்திருந்தார். இளைஞர்களை நான் அறிந்துகொண்டதெல்லாம் பெரும்பாலும் இவர் மூலமாகத்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். வயது பத்தொன்பது அல்லது இருபது இருக்கும் எனக் கணித்தேன். தினமும் சரியாக இரண்டரை மணிக்கு வருவார். ஒரு கேள்வி கேட்பார். முதல் கேள்வி: “குடையை யாராவது திருடிக்கொண்டு போனால், திருடனுடைய முழங்காலுக்குக் கீழேயும் நிறுவனம் பொறுப்பல்லவா?” நல்ல கேள்வி. மூன்று பத்திகளில் பதில் எழுதினேன். “பதில் சரி. ஆனால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு எழுதுங்கள், நான்காவது வரி இரண்டு முறை வந்திருக்கிறது” என்று மறுமொழி வந்தது. பார்த்தேன், வந்திருந்தது. கண்ணாடியைத் துடைத்தேன். இன்னொரு நாள், “நீங்கள் சின்ன வயதில் கிச்சுக்கிச்சு மூட்டினாலும் சிரித்திருக்க மாட்டீர்கள்” என்று எழுதினார். முன்பின் தெரியாதவரின் குணத்தை எழுத்திலிருந்தே இவ்வளவு துல்லியமாகக் கணிக்கும் தலைமுறையை நான் குறைவாக மதிப்பிட்டுவிட்டேனே என்று அன்று வருந்தினேன்.

இவரைக் கொண்டு சில முடிவுகளுக்கு வந்தேன். அவற்றை எழுத்தில் வடித்து, இளைஞர்களிடம் பேசும் முறை பற்றிய கொள்கையாக நிறுவனத்தில் நடைமுறைப்படுத்தினேன். இளைஞர்கள் முழு வாக்கியங்களை விரும்புகிறார்கள். சுருக்கெழுத்தை வெறுக்கிறார்கள். பிற்பகலில் உறங்குவதில்லை. கேள்விக்குப் பதில் வராவிட்டால் மறுநாள் அதே கேள்வியைச் சற்று உரத்த தொனியில் கேட்பார்கள். மீம் இதை ஏற்கவில்லை. “மாமா, எங்க வயசுல யாரும் இப்படி எழுத மாட்டாங்க. ஒவ்வொரு வரிக்கும் புள்ளி வெக்கிறாங்க பாருங்க. எங்களுக்குப் புள்ளி வெச்சா கோவம்னு அர்த்தம்” என்றார். ஒரு தலைமுறையின் பிரதிநிதி தன் தலைமுறையையே அறியாதிருப்பது புதிதன்று என்று பதிலளித்தேன். நிறுவனர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் தினமும் இரண்டரை மணிக்கு அவர் எங்கிருந்தாலும் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பதையும், “இன்னைக்கு என்ன கேட்டிருக்காங்க?” என்று விசாரிப்பதையும் கவனித்தேன். வாடிக்கையாளரிடம் அக்கறை, நிறுவனருக்கு இருக்க வேண்டிய குணம் எனக் குறித்துக்கொண்டேன்.

இடையில் ஒன்று. சென்ற மாதம் தங்கள் வீட்டுக்கு வந்தபோது, கதவுக்குப் பின்னால் நம் நிறுவனத்தின் மஞ்சள் குடை ஒன்று உறை பிரிக்காமல் தொங்கியது. கேட்டேன். “யாரோ விட்டுட்டுப் போனது” என்றீர்கள். ஏற்றுக்கொண்டேன். உறை பிரிக்காத குடையை யார் விட்டுச் செல்வார்கள் என்ற துணைக் கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை.

எண்பதாவது நாள் கண் பரிசோதனைக்காக நான் விடுப்பில் இருந்தேன். நான் இல்லாத நாளில் என் ஒப்புதல் இன்றியே பதிவு வெளியாகலாம் என்று என் கொள்கையிலேயே ஒரு விலக்கு இருந்தது. அதை எழுதியவன் நான்தான். அன்று வெளியானது: “மச்சி, மழை வருது. குடை எடுத்தியா, இல்ல அம்மா திட்டினாத்தான் எடுப்பியா?” எழுதியவர் மீம் அல்லர், நிறுவனரே. இரண்டரை மணிக்கு ‘ஓட்டைக் குடை’ எழுதினார்: “என்னை மச்சி என்று கூப்பிட நீங்கள் யார். அம்மா திட்டுவது குடைக்காக அல்ல. இனி நான் இங்கே வர மாட்டேன்.” இரண்டாவது வாக்கியத்தின் பொருள் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை, இளைஞர் வழக்காக இருக்கலாம். அன்று நிறுவனர் இரண்டு மணி நேரம் கழிப்பறையில் இருந்ததாக மீம் தெரிவித்தார். வயிற்றுக் கோளாறு எனக் குறித்துக்கொண்டேன். பத்து நாட்களாகிவிட்டன. ‘ஓட்டைக் குடை’ வரவில்லை. நாங்கள் மன்னிப்புக் கோரினோம். திருடன் பற்றிய கேள்விக்கு நான்காவது பத்தியும் எழுதிச் சேர்த்தேன். வரவில்லை அக்கா. இரண்டரை மணிக்கு நாங்கள் மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். கீழே பல் துளைக்கிறார்கள். என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

ஆகவே என் கருத்து: நாற்பதாயிரம் பேர் சிரிப்பதைக் கணக்கில் கொள்ள இயலாது, சிரிப்பவர் நாளை வேறொன்றுக்குச் சிரிப்பார். தினமும் வந்து கேள்வி கேட்டவர் ஒருவரே. அந்த ஒருவரை ஒரே ஒரு ‘மச்சி’யால் இழந்துவிட்ட நிறுவனத்துக்கு, இளைஞர்களோடு பேசத் தெரியும் என்று நான் சான்றளிக்க முடியாது. மூடிவிடலாம். இதை எழுதுவதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. தங்கள் பெண் நாளை இதற்குக் கட்டுப்படுவாள், கையெழுத்துப் போட்டிருக்கிறாள். சண்டைகூடப் போட மாட்டாள். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

தங்களுக்கு நீண்ட ஆயுளும், வளையும் முழங்காலும், பிற்பகல் உறக்கமும் வாய்க்க வேண்டுகிறேன். வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும். நிறுவனரைத் தவிர, அவரை நானே விசாரித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி
(ஒப்பம்)

பின்குறிப்பு: மேலே ஒப்பமிட்ட பிறகு, சாட்சிக் கையெழுத்துக்காக இக்கடிதத்தை நிறுவனரிடமும் மீமிடமும் கொடுத்தேன். நிறுவனர் கடைசிவரை படித்தார். பிறகு, “மாமா, அது அம்மா” என்றார்.

“எது?”

“ஓட்டைக் குடை. அந்தப் பூனை எங்க பக்கத்து வீட்டுப் பூனை. தையல் மெஷின் மேல உக்காந்திருக்கு, பெருசு பண்ணிப் பாருங்க, ஓரத்துல பூப்போட்ட உறை தெரியும்.”

பெரிதாக்கிப் பார்த்தேன். தெரிந்தது. அந்த உறையை நான்தான் வாங்கித் தந்தேன்.

“எப்பலேருந்து தெரியும் உனக்கு?”

“ரெண்டாவது வாரத்துலேருந்து. சொன்னா நிறுத்திடுவாங்க மாமா. வீட்டுல ஒரு வார்த்தை பேசறதில்ல. இங்க தினம் வந்து கேள்வி கேட்டாங்க. அவங்க படிக்கிறாங்கன்னு தெரிஞ்சுதான் அதை எழுதினேன். சிரிப்பாங்கன்னு நெனச்சேன்.”

“நான் அப்பவே சொன்னேன்ல, புள்ளி வெச்சா கோவம்னு” என்றார் மீம்.

எனவே, இளைஞர்களைப் பற்றி மேலே நான் சொன்ன யாவும் அறுபத்தாறு வயதான ஒருவரைப் பற்றியவை என்று தெளிவாவதால், அவை அனைத்தையும் இதனால் திரும்பப் பெறுகிறேன். நிறுவனம் எந்த இளைஞரையும் இழக்கவில்லை. மூடச் சொன்னவரும், எழுபது நாள் தவறாமல் வந்தவரும் ஒருவரே என்னும்போது, எந்தச் சொல்லைத் தங்கள் கருத்தாகக் கொள்வது என்று தாங்களே சொல்ல வேண்டும். குறுக்கு விசாரணை செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. நிறுவனருக்கு எண்பதாவது நாள் நேர்ந்தது வயிற்றுக் கோளாறு அன்று என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

நாளை இரண்டு மணிக்கு ஒரு பதிவு வெளியாகும். உன் மகள் எழுதுகிறாள்; நான் ஒரு சொல்லும் திருத்தப் போவதில்லை. அதில் மச்சி என்ற சொல் இராது. இரண்டரைக்கு வந்து ஏதாவது கேள் அக்கா. உன்னால் முடிந்த அளவு கடினமாகக் கேள்.

(ஒப்பம்) தம்பி

சாட்சிகள்:
1. நிறுவனர். (கையெழுத்து சற்றுக் கலைந்துள்ளது. கண்ணீர் இதில் அடங்காது.)
2. மீம். (புள்ளி வைக்காமல் கையெழுத்திட்டார்)