ஒன்பது அடி

அளவு நாடாவை மூன்றாவது தடவையும் இழுத்துப் பார்த்தார் ஆர்மண்ட். தொண்ணூற்றொரு அடி. தர்லோவின் படகுக் கொட்டகை ஏரியிலிருந்து நூறடி தள்ளி நிற்க வேண்டும். ஒன்பது அடி முன்னால் நின்றது. இத்தனை வருஷமாக இது எப்படித் தன் கண்ணில் படாமல் போயிற்று?

"கடுதாசியில எழுதினது சரிதான் போல," என்றார் தர்லோ, டோனட்டை மென்றபடி. "எழுது தம்பி. என் பேரை எழுது."

"சும்மா இருங்கண்ணே."

ஆர்மண்ட் அந்த ஊரின் கரைவிதி அதிகாரி. வாரத்தில் ஒரே ஒரு நாள் வேலை. கரைவிதிகளை ஒழுங்காக அமல்படுத்தும் ஊர்களுக்கு மெயின் என்னும் அந்த மாநிலத்தின் அரசு இந்த வருஷம் நிதி தருகிறது. அது வந்தால் வாரம் மூன்று நாள் வேலை. வராவிட்டால் ஜூன் முதல் அந்த ஒரு நாளும் கிடையாது என்று ஊர்க் கூட்டத்தில் கை தூக்கி முடிவெடுத்துவிட்டார்கள். ஒரே நிபந்தனை: ஒரு மீறலையாவது பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாநில அலுவலகத்திலிருந்து மிஸ் கீன் பார்வையிட வருகிறார். பதிவேடோ வெள்ளைவெளேரென்று கிடந்தது.

திங்கட்கிழமை காலை அலுவலகக் கதவிடுக்கில் ஒரு மொட்டைக் கடுதாசி. வந்ததுதான் வந்தது, தர்லோ மேலா வர வேண்டும்? இருபது குளிர்காலமாக ஆர்மண்டின் வாசலில் பனி தள்ளுகிற மனிதர்.

"இன்னிக்கே பின்னால நகர்த்திட்டா மீறலே இல்ல," என்றார் ஆர்மண்ட். "எழுதவும் வேண்டியதில்ல."

"அப்போ உன் வேலை?"

"வேற எவனாவது மாட்டுவான்."

தர்லோ எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு இன்னொரு டோனட்டை உள்ளே தள்ளிக்கொண்டார்.

கொட்டகைக்கு அடியில் உருளைக் கட்டைகளைக் கொடுத்து, ஏரிப் பக்கமிருந்து டிராக்டரால் மெல்லத் தள்ளினார் ஆர்மண்ட். பின்னால் புல் முளைக்காத ஒரு சதுரம் இருந்தது. கொட்டகை அதன்மேல், பானைக்கு மூடி போட்டதுபோல் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது.

"பாத்தீங்களா, இம்மி பிசகல!" என்று கத்திக்கொண்டே டிராக்டரைப் பின்னால் எடுத்தார். ஒரு பிர்ச் மரம் மடாரென்று சாய்ந்தது.

"இப்பவாவது எழுதுவியா?" என்றார் தர்லோ, ஆசையோடு.

கரையோர மரங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. அதை யார் நின்று கேட்டாலும் ஆர்மண்ட் விளக்குவார். அடிமரத்தின் பருமனுக்கேற்ப ஒவ்வொரு மரத்துக்கும் மதிப்பெண். ஒரு துண்டு நிலத்தில் இருபத்துநாலுக்குக் குறையக் கூடாது. ஏனென்றால் மழைநீர் ஏரிக்கு ஓடிப் போகக் கூடாது, நடந்து போக வேண்டும். அதை நடக்க வைப்பது வேர்கள்தான். ஓரடிப் பருமனுள்ள பிர்ச்சுக்கு எட்டு. தர்லோவின் கரையில் இருந்த இருபத்தாறில் எட்டுப் போக மீதி பதினெட்டு.

"ஆறு குறையுது. கையளவு பருமனுள்ள மரம் ஒண்ணுக்கு ஒரு மார்க். ஆறு நட்டா சரியாப் போச்சு!"

புதன்கிழமை தன் வீட்டுக் கொல்லையிலிருந்து ஆறு ஸ்புரூஸ் மரங்களை வேரோடு பெயர்த்துவந்து, ஆறு குழி தோண்டி நட்டார். வியாழக்கிழமை மழை கொட்டியது. தோண்டிய மண்ணெல்லாம் கரைந்து ஏரிக்குள் இறங்கியது.

தர்லோவின் மனைவி வெர்னா ஜன்னலைத் திறந்தார். "ஆர்மண்ட்! ஏரிக்கு யாருப்பா காபி ஊத்தினது?"

ஆர்மண்டுக்குச் சிரிப்பு வரவில்லை. எதைத் தடுக்க அந்த நூறடி விதியைப் போட்டார்களோ, அதையே தன் கையால் செய்திருந்தார். ஓடிப்போய் வைக்கோல் கட்டுகளைக் கொண்டுவந்து கரையோரம் அணை போட்டார். அவையும் அவிழ்ந்து ஏரியில் மிதந்தன.

வெள்ளிக்கிழமை வந்த மிஸ் கீன், பழுப்புத் தண்ணீரையும், மிதக்கும் வைக்கோலையும், சாய்ந்து நின்ற ஆறு மரங்களையும், படுத்துக் கிடந்த பிர்ச்சையும் நிதானமாகப் பார்த்தார். பதிவேட்டைத் திறந்தார்.

"மீறல் ஒண்ணுமே இல்லையா?"

"மேடம், நான்தான்..." என்று தர்லோ முன்னால் வந்தார்.

"அண்ணே, தள்ளுங்க." ஆர்மண்ட் பேனாவை எடுத்தார். 'கரையில் மரம் சாய்த்தது, மண் கரையவிட்டது. செய்தவர்: ஆர்மண்ட் பெல்லெட்டியே. கண்டுபிடித்தவர்: அவரே.'

மிஸ் கீன் அதை இரண்டு தடவை படித்தார்.

"தன் பேரையே எழுதின அதிகாரியை இப்பதான் பாக்குறேன். ஆனா மீறல்னா மீறல்தான். மாசக் கடைசிக்குள்ள இதைச் சரிபண்ணிடுங்க. நிதிக்கு நான் சிபாரிசு பண்றேன்."

கார் மறைந்தது. ஆர்மண்ட் தர்லோ வீட்டு வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்தார். உடம்பெல்லாம் சேறு, முகமெல்லாம் பெருமை.

"பாத்தீங்களா அண்ணி? என் மானம் போனாலும் போச்சு, அண்ணன் பேரு பதிவேட்டுல ஏறல!"

வெர்னா அவர் கையில் காபியைக் கொடுத்தார்.

"நல்லாக் காப்பாத்தினே போ! பதிவேட்டுல எழுத உனக்கு ஒரு பேரு வேணுமேன்னுதான் இந்த மனுஷன் போன சனிக்கிழமை பூரா மூச்சு வாங்க வாங்க அந்தக் கொட்டகையை ஒன்பது அடி முன்னால தள்ளிவச்சுட்டு, தன் மேலயே மொட்டைக் கடுதாசியும் எழுதிப் போட்டாரு."