ஏழாம் வகுப்புக் காலிப் பெட்டி

மனித குலம் இதுவரை சேகரித்தவற்றிலேயே உன்னதமானது காலிப் பெட்டிதான். இதில் உசாமிக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. ஜப்பானிய ராணுவம் தன் வீரர்களுக்குக் கொடுத்த பதக்கங்களை எவன் வேண்டுமானாலும் சேகரிப்பான். பதக்கத்தை அப்புறப்படுத்திவிட்டு, அது வந்த கறுப்பு அரக்குப் பெட்டியைக் கொண்டாடுவதற்குத் தனிப் பக்குவம் வேண்டும். மட்சுயாமா நகரில் அது மூன்று பேருக்கு வாய்த்திருந்தது. மூவரும் சேர்ந்து 'பதக்கப் பெட்டிப் பாதுகாப்புப் பேரவை'யை நிறுவியிருந்தார்கள். முதல் விதி: பெட்டிக்குள் எதுவும் இருத்தல் ஆகாது. வெளியேற்றப்பட்ட பதக்கங்களை உசாமி உரிய மரியாதையுடன் ஒரு பிஸ்கட் டின்னில் கொட்டி வைத்திருந்தார்.

அலமாரிகள் நிரம்பி வழிந்ததால், பெட்டிகளைத் துடைக்கும் திருப்பணி கழிவறையில் நடந்தது. மனைவி ஃபுசாயே வந்து கதவைத் தட்டுவாள்.

"உள்ள ஆள் இருக்கு!"

"ஆளா, பெட்டியா? நகராட்சி ஆபீஸ்ல நாற்காலியத் தேய்ச்சீங்க. இப்ப பெட்டியத் தேய்க்கிறீங்க. நான் எங்கங்க போறது?"

நியாயமான கேள்விதான். உள்ளே ஒன்றுமில்லாததை வெளியே பளபளப்பாக வைத்திருக்கும் கலையை முதலில் தன்மீதே பழகியதாக உசாமி நினைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு குறை. தங்கப் பருந்து விருதில் ஏழு வகுப்புகள். தளபதிகளுடைய பெட்டியில் தொடங்கி ஆறு அவரிடம் இருந்தன. சாதாரணச் சிப்பாய்க்குக் கொடுத்த ஏழாவது மட்டும் இல்லை. அதைக் கொண்டுவருபவரே பேரவையின் அடுத்த தலைவர் என்று தீர்மானமே நிறைவேறியிருந்தது. மூவரில் ஒருவரான பல் டாக்டர் இனுசுகா வேறு மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆகவே, எண்பது தாண்டிய ஒரிஹாரா அம்மாளிடம், போரில் இறந்த அவளுடைய அண்ணனின் ஏழாம் வகுப்புப் பெட்டி இருக்கிறது என்று தெரிந்ததும், உசாமி இனிப்புப் பெட்டியும் கையுமாகப் போய்க் குனிந்து வணங்கினார்.

"உள்ள ஒண்ணுமே இல்லீங்க. தயவுசெஞ்சு வாங்கிக்கணும்."

பரிசு கொடுக்கும்போது அடக்கத்துக்கு அப்படித்தான் சொல்ல வேண்டும். 'ஐயோ, எதுக்குங்க இதெல்லாம்' என்று பதில் வர வேண்டும். அவளோ அதை வாங்கிக் காதருகே ஆட்டிப் பார்த்தாள்.

"பொய் சொல்றீங்க உசாமிசான். உள்ள நெறைய இருக்கு. எனக்கு ஆறு வயசுல ராணுவத்துலேருந்து ஒருத்தர் வந்தாரு, வெள்ளைத் துணி சுத்தின அஸ்திப் பெட்டியோட. 'உங்க அண்ணன் இதுக்குள்ள இருக்காரு'ன்னாரு. ஆட்டிப் பார்த்தேன். அதுவும் பொய்தான். வெறும் கல்லு."

பிறகு பூசை மாடத்திலிருந்து கறுப்புப் பெட்டியை எடுத்து வந்தாள். மூடியில் பொன் எழுத்துகள் அழியவில்லை. மூலை ஒன்றுகூட உடையவில்லை. 'தலைவர் உசாமி' என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார் உசாமி.

"ஒரு சின்ன விதிம்மா. உள்ள இருக்கிறத நீங்க எடுத்துட்டா…"

"பதக்கமா? அது அப்பவே போச்சு. போர் முடிஞ்ச வருஷம் சர்க்கரைவள்ளிக் கிழங்குக்காக எங்கம்மா குடுத்துட்டா. பெட்டி வேணாம்னுட்டான் அந்தக் கிழங்குக்காரன். உங்க அளவுக்கு வெவரம் பத்தல."

மூடியைத் திறந்தாள். ஊதாப் பட்டில், பதக்கம் இருந்த பள்ளத்தில், ஒரு கூழாங்கல் கிடந்தது.

"அதே கல்லுதான். அண்ணன்னு சொல்லிச் சொல்லியே பழகிட்டோம். எனக்கப்புறம் பார்த்துக்க யாருமில்ல. பெட்டிய நீங்களே எடுத்துக்கங்க. அண்ணன எங்க வைக்கட்டும், சொல்லுங்க?"

உசாமிக்கு பிஸ்கட் டின் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. மூடியை மெல்ல மூடி, பெட்டியை இரண்டு கைகளாலும் அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

பேரவையின் அவசரக் கூட்டத்தில் எழுந்து நின்று அறிக்கை வாசித்தார்: "மேற்படி பெட்டியை நேரில் பார்வையிட்டேன். சேகரிப்புக்குத் தகுதியற்றது. உள்ளே ஆள் இருக்கிறது."

இனுசுகா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பழைய தீர்மானத்தை ரத்து செய்துவிட்டுப் போட்டியின்றித் தலைவரானார்.

வீடு திரும்பிய உசாமி கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். பெட்டிகளை ஒவ்வொன்றாக மடியில் வைத்து, மூடியை விரலால் தட்டிவிட்டுக் காத்திருந்தார்.

"யாருங்க உள்ள?" என்றாள் ஃபுசாயே வெளியிலிருந்து.

"ஒருத்தரும் இல்ல, ஃபுசாயே. எல்லாரையும் நான்தான் காலி பண்ணிட்டேன்."