என் தலை ஆடத்தான் செய்யும்

நல்ல இசை கேட்டால் என் தலை ஆடும். அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்கச் சொன்னவர்கள் உண்டு. (முக்கியமாக என் பேராசிரியர்.)

வியட்நாமியரின் மரபிசை சுவிஸுக்கு வந்து எப்படி மாறுகிறது என்பது என் ஆய்வு. "எங்கட நாதஸ்வரக்காரர் உனக்கு என்ன பாவம் செய்தவை?" என்று கேட்ட அம்மாதான், பதிவு நாளன்று ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ட்ராமில் ஏறினார்.

பூம்ப்ளிஸ் புறநகரில் இருக்கும் லான், ஒற்றைத் தந்தி வாத்தியம் வாசிக்கும் வியட்நாமியர். சுவிஸ் கல்யாணங்களுக்காகப் பழைய பாட்டுகளைச் சுருக்கி, வேகம் கூட்டிக் கெடுக்கிறார் என்று சொந்தச் சனமே அவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தது. மறுத்து மறுத்துக் கடைசியில் ஒரேயொரு பதிவுக்குச் சம்மதித்திருந்தார். அது கிடைக்காவிட்டால் என் ஆய்வு அவ்வளவுதான். மேற்பார்வைக்குப் பேராசிரியரும் வந்து உட்கார்ந்திருந்தார்.

லான் மீட்டினார். அந்த ஒற்றைத் தந்தியில் ஒரு கமகம் வழுக்கிக்கொண்டு வந்தது பாருங்கள்! என் தலை பக்கவாட்டில் ஆடியது. அம்மாவின் தலை அதைவிட வேகமாக ஆடியது. போதாக்குறைக்கு இருவரும் மாறி மாறி உச்சுக் கொட்டினோம். (பல்லிகள் கூட்டம் போட்டது மாதிரி இருந்திருக்கும்.)

வாசிப்பு நின்றது. லான் வாத்தியத்தை உறையில் போட்டார்.

"எங்கள் ஆட்களும் இப்படித்தான் தலையாட்டுகிறார்கள், இது சரியில்லை என்று. நீங்களுமா?" என்று ஜெர்மனில் கேட்டபோது அவர் குரல் உடைந்தது.

பேராசிரியர் என் பக்கம் திரும்பினார். "ஆய்வாளர் என்றால் சுவர் மாதிரி இருக்க வேண்டும். மன்னிப்புக் கேளுங்கள்."

"என்னவாம்?" என்றார் அரைகுறை ஜெர்மன் தெரிந்த அம்மா. சொன்னேன்.

"ரசிச்சதுக்கு மன்னிப்போ? விசரே இந்தாளுக்கு? தலையாட்டாமல் இருந்தால்தான் எங்களுக்கு அவமரியாதை எண்டு சொல்லு பிள்ளை!"

அப்படியே மொழிபெயர்த்தேன். (விசர் என்ற பைத்தியப் பட்டத்தை மட்டும் விட்டுவிட்டேன்.) லான் எங்களைப் பார்த்தார். பிறகு, தொடக்கத்திலிருந்து ஆடாமல் அசையாமல் இருந்த பேராசிரியரைப் பார்த்தார்.

"அப்படியென்றால் உங்களுக்குத்தான் பிடிக்கவில்லையா?"

மனிதர் பதறிப்போய், இல்லையில்லை என்று தலையை ஆட்டினார். பக்கவாட்டில்! லான் வாய்விட்டுச் சிரித்தபடி வாத்தியத்தை மறுபடி வெளியே எடுத்தார்.

பதிவு முழுக்க எங்கள் உச்சுச் சத்தம். வெட்டிவிடச் சொன்னார் பேராசிரியர். மாட்டேன் என்றேன். ஒரு வியட்நாமியப் பாட்டு பூம்ப்ளிஸில் என்ன ஆகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆய்வேட்டோடு அப்படியே கொடுத்துத் தேறினேன்.

இப்போதும் நண்டுக்கறி வைக்கும் நாளில் யாராவது பேசாமல் சாப்பிட்டால், அம்மா அகப்பையோடு வந்து நிற்பார்.

"என்ன, புரொபெசர் மாதிரி இருக்கிறாய்? கறி சரியில்லையோ?"

உடனே மேசையில் எல்லாத் தலைகளும் ஆடும்.