மூன்று கட்டாக வந்த அளவுப் புத்தகம்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது. நீங்களும் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுத வேண்டியது முறை, ஆனால் கை வரமாட்டேன் என்கிறது. கணினியைத் தொடவே பயமாக இருப்பதால் காகிதத்தில் எழுதுகிறேன்.

போன மாதம் வந்தபோது எங்கள் கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு, நீங்களே எழுதிய நிரல் ஒன்றையும் வைத்துவிட்டுப் போனீர்கள். "மென்பொருளை ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமா கட்டி அனுப்புறாங்க மாமா. எந்தக் கட்டா இருந்தாலும் என் நிரல் பிரிச்சு நிறுவிடும். கறுப்புத் திரையில பேரை மட்டும் அடிங்க, போதும்" என்றீர்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரரிடம் கூடப் பீற்றிக்கொண்டேன்.

உங்கள் அத்தை ஒரு பாடகர் குழுவின் முப்பத்தொரு பெண்களுக்கு மேடை உடை தைக்க ஒப்புக்கொண்டிருக்கிறாள். இருபது வருடத் தையலில் இவ்வளவு பெரிய வேலை அவளுக்கு வந்ததே இல்லை. அளவுகளைக் கணினியிலேயே குறித்து வைக்கலாம் என்று யோசனை சொன்ன மகானுபாவன் நான்தான். 'அளவுப் புத்தகம்' என்ற மென்பொருளின் பெயரை அடித்தேன். உங்கள் நிரல் பேசாமல் அதைப் போட்டிருக்கலாம். இது மூன்று வடிவங்களில் கிடைக்கிறது, ஒன்றா, இரண்டா, மூன்றா, அனைத்துமா என்று என்னைக் கேட்டது. பதிவு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் எந்த மனுவையும் மூன்று பிரதி இல்லாமல் வாங்கியறியாத கை மாப்பிள்ளை இது! அனைத்தும் என்று அடித்துவிட்டேன். முத்திரை குத்த இடமில்லையே என்ற குறை மட்டும்தான் இருந்தது.

திரையில் ஒரே படம் மூன்று தடவை வந்து உட்கார்ந்தது. பாடகிகள் மூன்று நாளாகப் பிரிந்து வந்து அளவு கொடுத்தார்கள். உங்கள் அத்தை தினமும் கைக்கு எட்டிய படத்தைத் திறந்து, அன்றைக்கு வந்தவர்களை ஏற்றி மூடிவிட்டாள். பிறகு அவர்கள் வெளிநாட்டுப் பயணம் கிளம்பிவிட்டார்கள். நிகழ்ச்சி அன்று காலையில்தான் திரும்புவார்கள். நானோ, அசல் ஒன்று இருந்தால் போதாதா, நகல் இரண்டும் எதற்கு இடத்தை அடைக்க வேண்டும் என்று அந்த இரண்டையும் உங்கள் நிரலிடம் நீக்கச் சொன்னேன். உள்ளே இருப்பதையும் சேர்த்து நீக்கவா என்று கேட்டது. வேலையைப் பாதியில் விடுவது எனக்குப் பிடிக்காது, ஆம் என்றேன்.

மறுநாள் உங்கள் அத்தை திறந்து பார்த்தால் ஒன்பதே பேர். ஒவ்வொரு வடிவமும் தனக்கென்று தனிப் பெட்டி வைத்துக்கொண்டு மற்றதற்குக் காட்டாமல் பதுக்குமாம்! இருபத்திரண்டு பெண்களின் தோளும் இடுப்பும் காற்றோடு போய்விட்டன. அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். நாலு நாளாகப் பேச்சே இல்லை, தையல் அறைப் பக்கம் போக எனக்கு முகமும் இல்லை.

நான் கேட்கிறேன் மாப்பிள்ளை, ஒரு மென்பொருளுக்கு எதற்கு மூன்று வடிவம்? எல்லாரையும் வா வா என்று உள்ளே விட்டால் வீடு என்னத்துக்கு ஆகும்? தயவுசெய்து உங்கள் நிரலில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வாசலோடு அனுப்பிவிடுங்கள். கோபத்தில் வரம்பு மீறி எழுதியிருந்தால் பெரிய மனதோடு பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். மகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
கதிகலங்கிப் போயிருக்கும் மாமனார்

பி.கு.: மேலே எழுதிய எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று என்ன, முப்பது வடிவம் வேண்டுமானாலும் வையுங்கள். உங்கள் அத்தை இப்போதுதான் வந்து வாய் திறந்தாள். உங்கள் நிரல் நீக்கியதை முப்பது நாள் தனியாக எடுத்து வைத்திருக்குமாம். அன்றைக்கே மகளிடம் தொலைபேசியில் கேட்டு, தானே இரண்டு வரி அடித்து முப்பத்தொரு பேரையும் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டாளாம்.

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றேன்.

"எதுக்குங்க? கல்யாணம் ஆனதுல இருந்து இந்த நாலு நாள்தான் நீங்க தையல் மெஷின் பக்கத்துல நின்னு யோசனை சொல்லாம இருந்தீங்க. பாக்கியிருந்த சில்லறைத் தையலெல்லாம் நிம்மதியா முடிச்சேன்" என்றாள்.

ஆனால் மாப்பிள்ளை, அவள் மானம் போய்விடக் கூடாதே என்று, நேற்று அவள் பல் வைத்தியரிடம் போயிருந்த நேரத்தில், பயணம் போகாமல் ஊரிலேயே இருக்கும் குழுவின் மேலாளரை நான் பார்த்து உண்மையை ஒப்புக்கொண்டு, வேறு தையற்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, அலமாரியில் இருந்த அவர்களின் துணி மூட்டை இரண்டையும் ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டேன். அவரும் பாடகிகள் போயிருக்கும் ஊரிலேயே ஆள் பிடித்துவிட்டார். இது இன்னும் உங்கள் அத்தைக்குத் தெரியாது. இதை மீட்க என்ன அடிக்க வேண்டும் என்று உடனே தெரிவிக்கவும். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அவள் துணி அலமாரிப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறாள்.