கல் ரதம் தொங்கிய சாவி

அரசாங்கத்துக்குச் சொந்தமான மோட்டார் வாகனம், அதற்கென வழங்கப்பட்ட சாவியைக் கொண்டு மட்டுமே கிளப்பப்படல் வேண்டும். செங்கல்பட்டில் என் நாஸ்தா கடைக்கு எதிரே இருந்த கடலோரக் குடிநீர் ஆய்வு அலுவலகத்தில் இந்த விதியைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். விதியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வண்டிக்குத்தான் படிப்பறிவு கிடையாது.

வண்டி ஒரு பழைய கறுப்புக் கார். மூன்று இலாகாக்கள் ஓட்டி முடித்து, மூச்சு மட்டும் மிச்சமிருந்த நிலையில் நாலாவதாக இங்கே வந்து சேர்ந்தது. ஓட்டியவன் செங்கல்வராயன். பின்சீட்டில் உட்கார்ந்தவர் ஆய்வு அதிகாரி பாலசுப்ரமணியன். அவருடைய உத்தியோகம், கடற்கரை ஊர்களுக்கு நேரில் போய்த் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பது. உப்புக் கரித்தால் அந்த ஊருக்குப் புதுக் கிணறு. கரிக்காவிட்டால் கிடையாது. எனக்குத் தெரிந்து நாக்குக்குச் சம்பளம் வாங்கிய மனுஷன் அவர் ஒருத்தர்தான்.

காதுக்குக் கீழே இறங்கிய கிருதா, ரோட்டைப் பெருக்கும் பெல்பாட்டம், விரலில் சுழலும் கார் சாவி. எழுபத்து நாலாம் வருஷத்தில் பெரிய மனுஷன் என்றால் இந்த மூன்றும் வேண்டும். அய்யாவிடம் மூன்றும் இருந்தன. அவர் எந்த ஊர்க் கிணற்றை விட்டாலும் மகாபலிபுரத்துக் கிணறுகளை மட்டும் விடமாட்டார். அங்கேதான் காற்று நன்றாக வரும். அப்படிப் போன ஒரு நாள், சிற்பி ஒருவரிடம் கருங்கல்லில் செதுக்கிய குட்டி ரதம் ஒன்று வாங்கிச் சாவியில் மாட்டிக்கொண்டு வந்தார். கோயில் ரதத்தில் இருக்கிற வேலைப்பாடு அத்தனையும் அதில் இருந்தது. எடையும் ஏறக்குறைய இருந்தது.

அதோடு ஊர் கெட்டது. தலைமை எழுத்தர் அருணகிரி பீரோ சாவியில் கல் நந்தி மாட்டினார். பியூன் ராமதாஸ் சைக்கிள் சாவியில் கல் ஆமை. கோர்ட்டு குமாஸ்தா, ரேஷன் கடைக்காரர், ஊசி போடும் கம்பவுண்டர் எல்லாரும் பாக்கெட்டில் ஒரு பாறையோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார்கள். நான் மட்டும் சும்மா இருப்பேனா? கடைச் சாவியில் ஒரு கல் யானையைத் தொங்கவிட்டேன். என் வீட்டுக்காரி சைனம்பு, "இது சாவியா, அம்மிக் குழவியா?" என்று கேட்டாள். நாகரிகம் தெரியாதவளிடம் என்னத்தைப் பேசுவது.

குண்டும் குழியுமான ரோட்டில் அந்த ரதம் ஆடின ஆட்டத்தில் காரின் பூட்டும் தேய்ந்தது, சாவியும் தேய்ந்தது. முதலில் சாவியை முழுசாகச் செருகி, கொஞ்சம் வெளியே இழுத்துத் திருப்பினால் வண்டி கிளம்பியது. அப்புறம் ஒரு கையால் ரதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாவியை ஆட்ட வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு நாள் சாவி பாட்டுக்குச் சுற்றிச் சுற்றி வந்தது, வண்டி முனகக்கூட இல்லை.

"அய்யா, அந்தக் கல்லக் கழட்டிட்டு வெறும் சாவியப் போட்டுப் பாக்கலாமா?" என்றான் செங்கல்வராயன்.

"கழட்டிட்டா நான் ஆபீசர்னு எவனுக்குய்யா தெரியும்?"

நியாயம்தான். அலுவலகத்தில் விசாரணை ஆரம்பித்தது. தேய்ந்தது சாவியா, பூட்டா? சாவி அதிகாரியின் பொறுப்பில் இருப்பது, ஆகவே அது தேய்ந்திருக்க வழியில்லை. பூட்டு வண்டியோடு இருப்பது, வண்டி டிரைவரின் பொறுப்பு. ஆகவே பூட்டுதான் தேய்ந்தது என்று தீர விசாரித்துக் கண்டறிந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் ஆராயி வந்தாள். கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பம், அங்கே கருவாடு விற்கிறவள். குப்பத்துக் கிணறு கடலோடு சேர்ந்துகொண்டு உப்பாகிவிட்டது. அதைக் குடித்துக் குடித்துப் பிள்ளைகளுக்கு வயிறு நிற்பதில்லை. அவளுடைய பேத்தி நாலு மாசமாகப் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் சவுக்குத் தோப்பைத் தாண்டி, ஓடையைத் தாண்டிப் போய் ஊற்றுத் தோண்ட வேண்டும். ஒரு குடம் கொண்டுவர அரை நாள் ஆகும். அதனால் கல்யாணம், விருந்தாளி என்றால்தான் போவார்கள். புதுக் கிணற்றுக்கு அரசாங்கம் பணம் ஒதுக்கியாகிவிட்டது. மார்ச் மாசத்துக்குள் அதிகாரி வந்து, குடித்து, கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பணம் போய்விடும்.

ஆராயி பஸ் ஏறி வரும்போதெல்லாம் ஒரு பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பாள்.

"அய்யா, ஒரு வாயி குடிச்சிப் பாரு. இங்கியே கையெழுத்துப் போட்டுரு."

"பாட்டில் தண்ணி செல்லாதும்மா. வழியில உப்பு ஏறியிருக்கலாம். நேர்ல வந்துதான் குடிக்கணும்."

"அப்ப வாயேன்."

"காரு ரிப்பேர்."

"பஸ்ஸு கீதே. நான் அதுலதான் வந்துகினு போய்கினு கீறேன்."

"காரு இருக்கிற ஆபீசர் பஸ்ல போனா, இவனுக்குக் காரே தேவையில்லைன்னு புடுங்கிக்குவாங்கம்மா. அப்புறம் நான் எப்படி உங்க ஊருக்கு வர்றது?"

அவள் பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். என் கடைக்கு வந்து, அதே பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு டீ குடித்தாள். "இன்னா பாய் இது பேஜாரு" என்றாள். நான் அந்த டீக்குக் காசு வாங்கவில்லை.

என் கடையில் பொங்கல் தின்றுகொண்டிருந்த செங்கல்வராயன் இதைக் கேட்டான். என்ன தோன்றியதோ, கையில் இருந்த ஸ்பூனோடு ரோட்டைத் தாண்டிப் போனான். ஸ்பூனின் காம்பைப் பூட்டில் விட்டுத் திருப்பினான். கார் கிளம்பிவிட்டது. புகை என் கடைக்குள்ளே வந்தது. ஆராயி கையெடுத்துக் கும்பிட்டாள். அதிகாரி ஓடிவந்தார்.

"எதால ஸ்டார்ட் பண்ணினே?"

"பாய் கடை ஸ்பூனுங்க அய்யா."

"ஆஃப் பண்ணு. இது திருட்டு."

"நம்ம வண்டிதானுங்களே."

"அடுத்தவன் வண்டின்னா ஒரு குத்தம். நம்ம வண்டிய நாமே திருடினா ரெண்டு குத்தம், ஆமா."

"ஸ்பூனோ சாவியோ, வண்டி ஓடுது. வா அய்யா, போயி வந்துரலாம்" என்றாள் ஆராயி.

"ஸ்பூன்ல வந்து பார்த்த கிணறு, சட்டப்படி பார்த்த கிணறு ஆகாதும்மா."

அன்றைக்கே பாதுகாப்பு நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டன. உரிய சாவியால் ஓடாத வண்டி உரிமையில்லாத எதனாலும் ஓடும் என்பது நிரூபணமாகிவிட்டதால், காருக்கு ஒரு காவலாளி. எதிரில் இருக்கும் உணவகத்தில் அலுவலக நேரத்தில் ஸ்பூன் புழங்கக் கூடாது என்று எனக்கு ஒரு உத்தரவு. ராமதாஸ் வந்து என் ஸ்பூன்களை எல்லாம் துணியில் மூட்டை கட்டி, அரக்கு முத்திரை வைத்துக் கொண்டுபோனான். அதிலிருந்து அந்த அலுவலகமே அடியில் சர்க்கரை தங்கின டீயைத்தான் குடித்தது. அருணகிரி மட்டும் பென்சிலால் கலக்கிக்கொண்டார். பென்சிலைப் பூட்டில் விட முடியாது என்று சோதித்துப் பார்த்து அனுமதித்திருந்தார்கள்.

மார்ச் மாசக் கடைசியில் புதுப் பூட்டும் சாவியும் வந்து சேர்ந்தன. மாட்டிப் பார்த்தால் வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. அய்யாவுக்கு ஒரே சந்தோஷம். புதுச் சாவிக்குப் பழைய ரதமா என்று சொல்லி, அதற்காகவே மகாபலிபுரம் போய் இன்னும் பெரிய ரதம் ஒன்று வாங்கி மாட்டினார். இதில் சக்கரம் எல்லாம் இருந்தது. கல் தொங்கினால் பூட்டுத் தேயும் என்று இப்போது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன, எல்லார் பாக்கெட்டிலும் கல்.

நாள் தப்பினால் பணம் போய்விடும் என்ற நிலையில் கடப்பாக்கத்துக்குக் கிளம்பினோம். நாங்கள் என்றால் அய்யா, செங்கல்வராயன், அய்யாவின் நாஸ்தாவுக்குப் பொறுப்பாளராக நான். ஆராயி முந்தின நாளே போய்ச் சொல்லிவிட்டாள்.

மதுராந்தகம் தாண்டினோம், செய்யூர் தாண்டினோம். ரதம் இடதும் வலதும் ஆடியது. கடல் காற்று வர ஆரம்பித்த இடத்தில் ஒரு பெரிய பள்ளம். கார் விழுந்து எழுந்தது. ரதம் எகிறிக் கீழே தொங்கிய வேகத்தில் சாவி தானாகத் திரும்பி, இன்ஜின் நின்றுவிட்டது.

"நீ தொடாதே, நான் பாத்துக்கறேன்" என்று அய்யா முன்னால் எட்டிச் சாவியைத் திருகினார். ரதத்தைப் பிடித்துத் திருகினார். டக்கென்று ஒரு சத்தம். ரதமும் பாதிச் சாவியும் அவர் கையில் இருந்தன. மீதிப் பாதி பூட்டுக்குள்ளே இருந்தது.

செங்கல்வராயன் என்னைப் பார்த்தான். நாஸ்தா கூடையில் ஒளித்துவைத்திருந்த ஸ்பூனை எடுத்துக் கொடுத்தேன். பாதிச் சாவி அடைத்துக்கொண்ட பூட்டுக்குள் அது நுழையவே இல்லை.

"குப்பம் இதோ கீது அய்யா. நடந்துரலாம்" என்றான் செங்கல்வராயன்.

"அதிகாரி வாகனத்தில் சென்று ஆய்வு செய்யணும்னு இருக்கு. எறங்கி நடந்தா ஆய்வு செல்லாது."

ஊர் ஜனம் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டது. ஆராயிதான் முதலில் ஓடிவந்தாள். பின்னால் ஆம்பளை, பொம்பளை எல்லாரும். அய்யாவைப் பின்சீட்டில் வைத்தபடியே காரைக் குப்பத்துக்குத் தள்ளினார்கள். மணலில் சக்கரம் புதையப் புதையத் தூக்கித் தூக்கித் தள்ளினார்கள். நானும் தள்ளினேன். அய்யா உள்ளே உட்கார்ந்து, முறிந்த சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வந்தார். பார்க்க ஊர்வலம் மாதிரிதான் இருந்தது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை.

கிணற்றடியில் கயிற்றுக் கட்டில் போட்டு வைத்திருந்தார்கள். அய்யா அதில் உட்கார்ந்து, "அப்பா, என்ன வெயில். நாக்கு வறண்டுபோச்சு" என்றார்.

ஆராயி குடிசைக்குள் ஓடினாள். பளபளவென்று தேய்த்த பித்தளைச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, முந்தானையால் அடியைத் துடைத்து, ரெண்டு கையாலும் நீட்டினாள். அய்யா மடமடவென்று குடித்தார். செம்பைக் கீழே வைத்து உதட்டைத் துடைத்தார்.

"தண்ணி அருமையா இருக்கே" என்றார். பேனாவை எடுத்தார்.



"அய்யா, அது ஊத்துத் தண்ணி. நீ வர்றேன்னு விடியக்காலம் போயி கொண்டாந்தேன். கெணத்துத் தண்ணி இந்தா கீது" என்று ஆராயி வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். வாளி கல்லில் இடித்துக்கொண்டே போனது.

"வேண்டாம்மா. ஊருக்கு வந்து ஊர்த் தண்ணியக் குடிச்சாச்சு. ஒரு ஆய்வுக்கு ஒரு தடவைதான் குடிக்கலாம்."

"இன்னொரு வாயி குடிச்சா இன்னா அய்யா?"

"ரெண்டாவது தடவை குடிச்சா, மொதல்ல குடிச்சதை நானே நம்பலைன்னு ஆகும். ஒரு அதிகாரியின் நாக்கை அந்த அதிகாரியே சந்தேகப்படலாமாம்மா?"

அவள் இழுத்த வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குடிநீர் சுவையானது, புதுக் கிணறு அவசியமில்லை என்று எழுதி அய்யா கையெழுத்துப் போட்டார். திரும்பிப் போகும்போதும் ஊர் ஜனம்தான் காரை மெயின் ரோடு வரைக்கும் தள்ளியது. அங்கே ஒரு லாரிக்காரன் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தான்.

கிணற்றுக்கு ஒதுக்கிய பணம் வீணாகப் போகவில்லை. அரசாங்கத்தில் எதுவும் வீணாகப் போகாது. அதை வைத்து அலுவலகத்துப் பின்னால் காருக்கு ஒரு ஷெட் கட்டினார்கள். இரும்புக் கதவு, பெரிய பூட்டு. பூட்டின் சாவியில் அந்தச் சக்கரம் வைத்த ரதம்.

அடுத்த வாரமே ஆராயி மறுபடி வந்தாள், பாட்டிலோடு. அலுவலகத்தில் உள்ளேயே விடவில்லை. உங்கள் ஊரில் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று தீர்மானமாகிவிட்டது, போ என்றார்கள். என் கடைக்கு வந்து உட்கார்ந்தாள்.

நான் பிடித்துக்கொண்டேன். "ஏம்மா, ஒனக்குப் புத்தி கீதா? அந்த மனுஷன் வர்றதே உப்புத் தண்ணி குடிக்க. அன்னிக்கிப் பாத்து ஊத்துத் தண்ணியத் தூக்கி நீட்டறியே. கெணத்துல மொண்டு மூஞ்சிக்கு நேரா குடுக்கறதுக்கு இன்னா?"

"வூட்டு வாசலுக்கு வந்தவருக்கு உப்புத் தண்ணியா பாய் குடுப்பாங்க?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"குடுக்கணும்மா. இவனுங்களுக்கெல்லாம் நாம நல்லதைக் குடுத்துக் குடுத்துதான் நம்ம பாடு என்னான்னு தெரியாமயே போயிட்டானுங்க. ஒரு நாளாவது நாம குடிக்கிறதை அவனுங்க குடிக்கணும். அப்பதான் ஒறைக்கும்."

நன்றாகப் பேசினேன். கடையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அப்போது ராமதாஸ் வந்தான், கல் ஆமையைச் சுழற்றிக்கொண்டு.

"பாய், அய்யாவுக்கு டீ."

சட்டியில் இருந்தது காலையிலிருந்து கொதித்த டீ. அதை ஓரமாகத் தள்ளினேன். புதுப் பால் காய்ச்சி, புதுத்தூள் போட்டு, உள்ளே துணி சுற்றி வைத்திருந்த பூப்போட்ட கிளாஸை எடுத்து வெந்நீரில் அலசினேன். சர்க்கரை ஒரு பங்கு கூடவே போட்டு, கல்லாவுக்கு அடியில் மறைத்து வைத்திருந்த ஸ்பூனால் நிதானமாகக் கலக்கினேன். மேலே கொஞ்சம் ஆடை எடுத்துப் போட்டேன்.

கலக்கி முடித்து நிமிர்ந்தபோது ஆராயி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் இருந்தது காலையிலிருந்து கொதித்த டீ.