பத்து நிமிஷம் அண்ணனின் உள்ளங்கை

பிள்ளைகளே, காஞ்சிபுரத்தில் கோயில் யானைக்குப் பயப்படாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். 'பத்து நிமிஷம்' அண்ணனுக்குப் பயப்படாதவர் ஒருத்தரும் கிடையாது. அவர் யாரையும் அடித்ததில்லை, திட்டியதுகூட இல்லை. மின்சாரத்தோடு பழகினார், அவ்வளவுதான்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் மின்சார ஸ்கூட்டர் எங்கள் ஊருக்குப் புதிது. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டால்தான் காலையில் ஓடும். பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் தோய்த்துக்கொண்டிருந்த அண்ணன் அந்த வேலையை விட்டுவிட்டு, பத்தே நிமிஷத்தில் சார்ஜ் ஏற்றும் பெட்டி தயாரிக்கக் கிளம்பினார். பழைய வெல்டிங் மிஷினைப் பிரித்துப் போட்டார். அண்ணி நூல் சுற்றும் ராட்டையை எடுத்து அதில் செம்புக் கம்பியைச் சுற்றினார்.

"ராட்டைய குடுய்யா! தறிக்கு நூல் இல்லாம குந்திக்கினு இருக்கறேன்!" என்று அண்ணி கத்துவார்.

"இரும்மா, பத்து நிமிஷம்" என்பார் அண்ணன்.

அவர் சுவிட்சைப் போட்டால் தெரு பல்பெல்லாம் மங்கும். மின்விசிறிகள் நின்று யோசிக்கும். எதிர்வீட்டுப் பூனை ஓட்டின்மேல் ஏறிவிடும்.

மூன்றாவது பெட்டி முடிந்ததும் என்னிடம் வந்தார். தெருவில் மின்சார ஸ்கூட்டர் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். என் மனைவியைச் செவிலிமேட்டில் வேலைக்கு விட எனக்கிருந்த ஒரே வண்டி அது.

"வெடிக்காதே, அண்ணா?"

"இன்னாபா இப்டி கேக்கற? அதுக்குத்தான் நான் இருக்கேனே!"

அதற்கு அர்த்தம் பிறகுதான் புரிந்தது. சூடு ஏறினால் தானாக நிற்பதற்கு அந்தப் பெட்டியில் ஒன்றுமே இல்லை. அண்ணன் பேட்டரிமேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். கை சுட்டால் சுவிட்சை அணைப்பார். அதுதான் ஏற்பாடு!

பெட்டி உறுமியது. நாலாவது நிமிஷம் ஒரு கெட்ட வாடை வந்தது.

"அண்ணா, சுடுதா?"

"சேச்சே! வெதுவெதுன்னு நல்லா இருக்குது."

ஆறாவது நிமிஷம் பேட்டரி பூரி மாதிரி உப்பியது. நான் அலறிய அலறலில் அண்ணி ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"இருவது வருஷமா கொதிக்கிற சாயத்துல கை வுட்ட ஆளு நீ! அடுப்புல வெச்சாக்கூட அந்தக் கைக்குத் தெரியுமாய்யா?"

மூன்று பேருக்குமே அப்போதுதான் உறைத்தது. அண்ணன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் பயத்தை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் நான் கேட்காமலே என் வண்டிக்குப் புது பேட்டரிகள் மாட்டிக்கொடுத்தார். ஒரு வாரம் கழித்து வாசலில் வந்து நின்றார்.

"என் கை ஒதவாதுபா. பெட்டிய ஒடச்சிப் போட்டுர்லாம்னு இருக்கறேன். உன்னுது ஆபீஸ் கை. கடைசியா ஒரு தடவ வெக்கிறியா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எப்படியோ வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் பின்னால் போய்விட்டேன்.

பேட்டரிமேல் நான் கை வைக்கவேண்டிய இடத்தில் ஈரத்துண்டை நாலாக மடித்துப் போட்டிருந்தார்.

"இது எதுக்கு அண்ணா?"

"உனுக்குச் சுடக்கூடாதில்லபா."

பெட்டி உறுமியது. அண்ணன் கடிகாரத்தின் பக்கம் திரும்பினார். துண்டு இருந்தால் என் கையும் அண்ணன் கைதான். அவருக்குத் தெரியாமல் துண்டை உருவிப் போட்டுவிட்டு, வெறுங்கையை வைத்தேன்.