துக்கம் இல்லாதவள் என்று எழுதிக்கொண்டு போன பொண்ணு

அன்புள்ள நாத்தனார் பிரிசில்லாவுக்கு அண்ணி பொன்னி எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அந்த வார்த்தையால்தான் வம்பு. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் கடிதம்.

உன் அண்ணன் தவக்காலத்தில் கண்மூடியதிலிருந்து அவரைப் பற்றி யாரிடமாவது பேசவேண்டும் என்று எனக்குத் தவிப்பு. நான் வாயைத் திறந்தால் மகன் ஜெபக்குமார் டிவியைப் போட்டுவிடுகிறான், பாவம், அவனுக்குத் தாங்கவில்லை. இப்படி இருக்கையில் செங்கல்பட்டிலிருந்து வசுமதி என்று ஒரு பொண்ணு வந்தது, காலேஜில் மனசைப் பற்றிப் படிக்கிறதாம், ஆராய்ச்சிக்குச் சாவு விழுந்த வீடுகளில் ஆள் பொறுக்குகிறதாம். ரொம்பத் துக்கத்தில் இருப்பவர்களை எடுத்து, வாராவாரம் வந்து உட்கார்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்பார்களாம். கர்த்தரே அனுப்பினார் என்று கலர் வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தேன். "நல்லா சாப்பிடுறீங்களாம்மா?" என்றது. சாப்பிடுறேம்மா என்றேன். "தூக்கம் வருதா?" வருதும்மா என்றேன். வெயிலில் நடந்து வந்த பிள்ளை, முதன்முதலாக வாசப்படி ஏறியிருக்கிறது, அதனிடம் போய் இல்லை இல்லை என்று எப்படிச் சொல்வது? மனசு எப்படி இருக்கிறது என்றதற்கும், "நல்லா கீதும்மா, நீ குடி" என்றேன். பிறகு வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டு வேண்டாவிடம் அதே கேள்விகளைக் கேட்டது. அவள் மாமியார் செத்தது உனக்குத் தெரியும், இருந்தவரை இரண்டு பேரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்ததில்லை. அவள் தரையில் புரண்டு அழுதாள். அவளை எடுத்துக்கொண்டார்கள். என்னை, ஒப்பிட்டுப் பார்க்கவென்று, துக்கம் இல்லாதவர்கள் பக்கத்தில் எழுதிக்கொண்டு போய்விட்டது. நானா, பிரிசில்லா? இன்னும் குழம்பு வைத்தால் மீன் தலையை அவருக்கென்று எடுத்துவைக்கிறேன், சாயங்காலம்வரை பார்த்துவிட்டுப் பூனைக்குப் போடுகிறேன்.

"இன்னாக்கா நீ, சிரிச்சிகினே சொன்னா அந்தப் பொண்ணுக்கு இன்னா தெரியும்?" என்கிறாள் வேண்டா.

"கெழவி செத்தது உனுக்குத் துக்கமாடி?"

"சும்மாதான் ஆரமிச்சேன், நெசமாவே வந்துடுச்சிக்கா."

நீ படித்தவள், ஊரப்பாக்கத்தில் ரயிலேறி அந்தக் காலேஜுக்கே போய், எங்கள் அண்ணி நன்றாக இல்லை என்று சொல்லி என் பேரைத் துக்கம் உள்ளவர்கள் பக்கத்துக்கு மாற்றிவிட்டு வா. அந்தப் பொண்ணை இனி நான் வாசலில் சேர்க்கமாட்டேன்.

உன் மகள் சிநேகாவுக்கு என் முத்தம். உன் வீட்டு அடுப்பும் வாசலும் குறைவில்லாமல் இருக்கக் கர்த்தரைக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
அண்ணி பொன்னி

பின்குறிப்பு: காலேஜுக்குப் போகாதே. கடிதத்தை ஒட்டப்போகும்போது, மறந்துவிட்டுப் போன குடையை எடுக்க அந்தப் பொண்ணு வந்தது. "ஏம்மா, இந்தப் பூனை இவ்ளோ குண்டா இருக்கு?" என்றது. சொன்னேன். விளக்கு வைக்கும்வரை சொன்னேன், அது பேனாவையே எடுக்கவில்லை. எழுதியதை மாற்றக்கூடாதாம். அதனால் சனிக்கிழமைதோறும் பூனையைப் பார்க்க வருகிறதாம்.